குடிநீரும் சிவப்பு விளக்கும்

 இலக்கியத்தைப் பற்றியோ நாட்டு நடப்பைப் பற்றியோ எழுதும் தகுதி எனக்கில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இருப்புப்பாதைத் துறையில் எழுத்தராகக் காலம் தள்ளுகிறவன் நான். ஆயினும் எங்கள் குடும்பத்தில் நேர்ந்த நிகழ்ச்சி ஒன்று நம்மவர் வீடுகள் பலவற்றிற்கும் பயன்படக்கூடும் என்று தோன்றியதால் எழுதத் துணிந்தேன். பொருள் மிகச் சிறியது. குளிர்பதனப் பெட்டிக்குள் இருக்கும் நீர் வடிகட்டியை எப்போது மாற்றுவது என்பதே அது. இவ்வளவு சிறிய பொருளிலும் ஒரு மனிதன் எத்துணைப் பெரிய பிழையைச் செய்துவிட முடியும் என்பதற்கு நானே சான்று.

என் பெற்றோர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்காக மலையேறிச் சக்குபள்ளத்தில் குடியமர்ந்தவர்கள். குமுளியிலிருந்து மூணாறு செல்லும் சாலையில், அணக்கரையைக் கடைவீதியாகக் கொண்ட ஊராட்சி அது. செல்லார்கோவில் முனையில் நின்று கீழே நோக்கினால் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும் தென்னந்தோப்புகளும் விரித்த பாய்போல் தெரியும். பிறந்த மண்ணைக் கண்ணால் பார்த்துக்கொண்டே புலம்பெயர்ந்து வாழும் பேறு எங்களுடையது. 1895ஆம் ஆண்டு முதல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து கீழே இறங்குகிறது. எங்கள் முன்னோர் கீழிருந்து மேலே ஏறினர். மூணாற்றில் ஓடிய சிறு இருப்புப்பாதை 1924ஆம் ஆண்டு வெள்ளத்தில் அழிந்த பிறகு, இடுக்கி மலைகளில் இரயில் என்பதே இல்லை. ஆதலின் என் பிழைப்பு சமவெளியில் அமைந்தது. அம்மாவும், தமக்கையும், தமக்கை குடும்பத்தாரும் மலைமேல் இருக்கிறார்கள். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக ஊர் சேர்வேன்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் மூன்று பானைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். மேல் பானையில் கூழாங்கல்லும் மணலும். நடுப் பானையில் அடுப்புக்கரி. கீழ்ப் பானையில் தெளிந்த நீர். சித்திரை முதல் நாளிலும் ஐப்பசி முதல் நாளிலும் அம்மா பழைய கரியைக் கொட்டிவிட்டுப் புதுக்கரி இடுவார். மணலைக் கழுவி வெயிலில் காயவைப்பார். “கரி இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது, அம்மா?” என்று நான் கேட்டதுண்டு. “உன் கண்ணுக்கு நன்றாக இருக்கும். கரி குடித்தது கரிக்குத்தான் தெரியும்” என்பார். அவ்வாறு வடிந்த நீரையும் அப்படியே குடிக்க விடமாட்டார். சீரகமோ, மலையாளத்து அண்டை வீட்டார் கற்றுக்கொடுத்தபடி பதிமுகப் பட்டையோ இட்டுத் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே எங்கள் குவளைக்கு நீர் வரும்.

2019ஆம் ஆண்டில் ஏலக்காய் விலை ஏறியது நம் மலைவாழ் அன்பர்களுக்கு நினைவிருக்கும். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் புற்றடி ஏல மையத்தில் கிலோ ஒன்று 7000 ரூபாய் வரை சென்றது. விளைச்சல் குறைந்த ஆண்டுதான். எனினும் அத்தானிடம் இருந்த ஒன்றரை ஏக்கரில் கிடைத்த காய் சற்றே கைகொடுத்தது. கடன்களை அடைத்தது போக மிஞ்சியதில் தமக்கை ஆசைப்பட்டு, இரண்டு கதவுகள் கொண்ட பெரிய குளிர்பதனப் பெட்டி ஒன்றை வாங்கினார். அதன் கதவிலேயே ஒரு குழிவு உண்டு. அதில் குவளையை வைத்து அழுத்தினால் குளிர்ந்த நீர் தானே வந்து விழும். மேட்டிலுள்ள ஊற்றிலிருந்து கூரைத் தொட்டிக்கு வரும் நீரை ஒரு மெல்லிய குழாய் மூலம் பெட்டிக்கு இணைத்திருந்தார்கள். பெட்டிக்குள் உருளை வடிவில் ஒரு வடிகட்டி. அதன் காலம் முடிந்தால் கதவில் ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

பெட்டி வந்த அன்று தமக்கை அதனுடன் வந்த ஆங்கிலக் கையேட்டை என்னிடம் நீட்டி, “தம்பி, நீதான் படித்தவன். இதில் என்ன எழுதியிருக்கிறது, சொல்” என்றார். நானும் பெருமையோடு வாங்கிப் புரட்டினேன். உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதையும், பனிக்கட்டி எவ்வாறு எடுப்பது என்பதையும் படித்துச் சொல்லிவிட்டு, மற்றப் பக்கங்களை மூடிவைத்தேன். மூன்று பானைகளும் கொல்லைப்புறம் சென்றன. சில நாட்களில் சீரகத் தண்ணீரும் நின்றது. “இயந்திரமே சுத்தம் செய்து தரும்போது விறகை ஏன் வீணாக்க வேண்டும்?” என்று கேட்டவனும் நானே.

தொடக்கத்தில் விளக்கு எரிந்தபோதெல்லாம் அத்தான் எப்படியோ புது வடிகட்டி வாங்கிப் பொருத்திவந்தார். 2023ஆம் ஆண்டு சித்திரைப் பிறப்புக்கு நான் ஊர் சென்றபோது விளக்கு சிவந்திருந்தது. சுற்றியிருந்த கடைகளில் அந்த வகை வடிகட்டி கிடைக்கவில்லை என்றார் அத்தான். ஏலக்காய் விலையும் அப்போது பழைய நிலைக்கு இறங்கியிருந்தது. வடிகட்டியின் விலையோ ஒரு தோட்டத் தொழிலாளியின் பல நாள் கூலி. “அடுத்த முறை நான் வாங்கி வருகிறேன்” என்று வாக்களித்தேன். எரியும் விளக்கு விருந்தினர் கண்ணில் படுகிறதே என்று தமக்கை குறைப்பட, ஒரு பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தேன். விளக்கு அணைந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஏதோ சாதித்தவன்போல் சிரித்தேன்.

அன்பர்களே, என் பிழை இதுவே. விளக்கை அணைத்தேனேயன்றி வடிகட்டியை மாற்றினேனில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தால் யாரேனும் ஒருவர் என் வாக்கை எனக்கு நினைவூட்டியிருப்பார். அணைந்த விளக்கு எதை நினைவூட்டும்? ஆறு மாதம் கழித்து அது மீண்டும் எரிந்தபோது, மாமன் செய்ததைக் கண்டு பழகியிருந்த மருமகன் அதே பொத்தானை அழுத்திவிட்டானாம். இவ்வாறே ஓராண்டுக்கு மேல் கழிந்தது.

2024ஆம் ஆண்டு ஜூலையில் மழை வலுத்தது. நீரில் லேசான மக்கிய வாடை இருப்பதாக அம்மா ஒருமுறை தொலைபேசியில் சொன்னார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பத்து நாள் கழித்துத் தமக்கையின் மகளுக்குக் காய்ச்சலும் வாந்தியும் கண்டன. பிறகு கண்கள் மஞ்சளித்தன. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடினேன். மருத்துவர் குழந்தையைப் பார்த்துவிட்டு, “என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள்?” என்று கேட்டார். தமக்கை, “வடிகட்டிய தண்ணீர்தான், ஐயா” என்றார். “வடிகட்டியது சரி, அம்மா, கொதிக்கவைத்ததா?” என்றார் அவர். தமக்கை என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்றிரவு அந்தக் கையேட்டைத் தேடி எடுத்து, அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு முதல் எழுத்திலிருந்து படித்தேன். சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. நுண்ணுயிர்களால் கெட்டுப்போன நீரிலோ, தன்மை இன்னதென்று தெரியாத நீரிலோ, கிருமி நீக்காமல் இவ்வடிகட்டியைப் பயன்படுத்தலாகாது என்பது அதன் கருத்து. ஐந்தாண்டுகளாக அந்த எச்சரிக்கை மேசை இழுப்பறையில் கிடந்தது. படித்தவன் என்று நம்பி என்னிடம் கொடுத்தார்கள், நான் படிக்கவில்லை.

மறுநாள் வடிகட்டியைக் கழற்றினோம். அதன் வாயில் பழுப்பு நிற வண்டலும், விரலில் ஒட்டும் வழவழப்பும் இருந்தன. தொட்டி நீரையும், பெட்டி நீரையும் தனித்தனிக் குப்பிகளில் எடுத்து அரசுப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தோம். உப்பும் கடினத்தன்மையும் மிகக் குறைவு. மலைநீர் மென்னீர் அல்லவா? ஆனால் இரண்டு குப்பிகளிலும் இ. கோலி என்னும் குடல் நுண்ணுயிர் இருப்பதாக முடிவு வந்தது. இந்தியத் தர நிலையின்படி குடிநீர் 100 மில்லிலிட்டரில் அது ஒன்றுகூட இருத்தலாகாது. குழந்தையின் நோய் அந்த நீரால்தான் வந்தது என்று நான் உறுதி கூறேன். வெளியில் குடித்த நீராகவும் இருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டு நீர் அவளைக் காக்கும் நிலையில் இல்லை என்பதில் ஐயமில்லை.

பெட்டியின் வடிகட்டியில் இருப்பது பெரும்பாலும் பதப்படுத்தப்பட்ட கரியே. அம்மாவின் நடுப் பானைக்கு உறவுதான். அக்கரியின் ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைகளின் பரப்பை எல்லாம் விரித்தால் ஏறத்தாழ ஆயிரம் சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர் வரும் என்கிறார்கள். அப்பரப்பில் குளோரின் வாடையும், வேறு சில வேதிப்பொருள்களும் ஒட்டிக்கொள்கின்றன. இடம் நிரம்பியபின் புதிதாக எதுவும் ஒட்டாது. கரைந்த உப்பைக் கரி எடுக்காது, கிருமியைக் கொல்லாது. நெடுநாள் மாற்றாவிட்டால் ஈரக்கரியே நுண்ணுயிர்களுக்குக் குடியிருப்பாகிவிடும்.

நகரங்களில் வாழும் அன்பர்களுக்கு ஓர் அடையாளம் உண்டு. அங்கே குழாய் நீரில் குளோரின் கலந்திருப்பதால், வடிகட்டிய நீரில் அவ்வாடை மீண்டும் தலைகாட்டினால் கரி களைத்துவிட்டது என்று அறியலாம். எங்கள் ஊற்று நீரில் குளோரினே இல்லை. ஆகவே அந்த எச்சரிக்கை எங்களுக்கு ஒருநாளும் வாராது. நீர் சுவையாகவே இருக்கும். வடிகட்டி செத்துக் கிடக்கும்.

இனி, அந்தச் சிவப்பு விளக்கு. அது நீரைச் சோதிக்கிறது என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். எங்கள் பெட்டியின் விளக்கு எண்ணுவது மாதங்களை மட்டுமே. சில பெட்டிகளில் வழங்கிய நீரின் அளவையும் கணக்கிடுவார்கள். எதுவாயினும், நீரின் தூய்மையை அது அறியாது. பொத்தானை அழுத்தினால், மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும், அவ்வளவே.

எழுத்தர் புத்தி கணக்கில்தானே போகும்! வடிகட்டியின் உறையில் ஆறு மாதம் என்றும், 1000 லிட்டர் என்றும் இரண்டு வரம்புகள் அச்சிடப்பட்டிருந்தன. இவற்றுள் எது முந்துகிறதோ அதுவே கெடு. தமக்கை வீட்டில் ஆறு பேர். ஆளுக்கு இரண்டரை லிட்டர் என்று கொண்டால் நாளொன்றுக்கு 15 லிட்டர். 1000 லிட்டர் அறுபத்தாறு நாளில் தீர்ந்துவிடும். ஆறு மாதத்திற்கோ 2700 லிட்டர் ஆகிறது. விளக்கை நம்பி ஒழுங்காக மாற்றிய காலத்திலும், இரண்டரைப் பங்குக்கு மேல் வேலை வாங்கியிருக்கிறோம் என்பது அப்போதுதான் விளங்கியது.

என் பணியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்ல விரும்புகிறேன். இரயில் பெட்டிகளின் முனையில் இரண்டு தேதிகள் வண்ணத்தில் எழுதியிருப்பதை அன்பர்கள் கண்டிருக்கலாம். பணிமனையில் முழுப் பழுது பார்த்த நாள் ஒன்று. மீண்டும் பணிமனைக்குத் திரும்ப வேண்டிய நாள் மற்றொன்று. பெட்டி நன்றாகத்தான் ஓடுகிறது என்று சொல்லி எவரும் அந்த நாளைத் தள்ளிப்போடுவதில்லை. அதே சமயம், நாள் வருவதற்கு முன்பே கோளாறு கண்டால், ‘சிக்’ என்று குறித்து வண்டியிலிருந்து கழற்றிவிடுவார்கள். கெடு வந்தால் மாற்று; கெடுவுக்கு முன் நோய் கண்டாலும் மாற்று. இவ்விரண்டு விதிகளையும் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த நான், வீட்டில் மட்டும் இரண்டையும் மறந்திருந்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் நடைமுறை இதுதான். குடிநீர் முழுவதும் பழையபடி சீரகம் இட்டுக் கொதிக்கவைக்கப்படுகிறது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் அளவிலான எங்கள் உயரத்தில் நீர் 97 பாகையை ஒட்டியே கொதித்துவிடும். எனினும் ஒரு நிமிடம் நன்கு தளதளத்தால் நோய்க்கிருமிகள் மடிய அது போதும். ஊற்று மேட்டிலுள்ள கழிவுக் குழியை அத்தான் கீழ்ப்பக்கம் மாற்றி அமைத்தார். தொட்டி நீருக்கு, ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்னும் கணக்கில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் கலந்து, ஒரு மணி நேரம் கழித்தே பயன்படுத்துகிறோம். கிருமி நீக்கம் முன்னே, கரி பின்னே என்பதே சரியான வரிசை. ஆனால் குளோரின் வாடையை எடுக்கும் கரி, அதன் காவலையும் சேர்த்தே எடுத்துவிடுகிறது. ஆகையால் கரியைக் கடந்த நீரை நாட்கணக்கில் தேக்கிவைப்பது நன்றன்று.

பெட்டியின் நீரை அறவே விடவில்லை. வேலை முடிந்து வருகிறவர்கள் பகலில் குடிக்க, நாளைக்கு ஐந்து லிட்டர் மட்டும் எடுக்கிறோம். ஆறு மாதத்திற்கு 900 லிட்டர். இப்போது நாட்கணக்கும் நீர்க்கணக்கும் பொருந்துகின்றன. குழந்தைக்கும் அம்மாவுக்கும் கொதித்த நீர் மட்டுமே. மாற்றும் நாட்களாக அம்மாவின் பழைய நாட்களையே வைத்துக்கொண்டோம்: சித்திரை முதல் நாள், ஐப்பசி முதல் நாள். ஜூன் மழைக்கு முன்பு புதியது பொருந்துகிறது. மழைக்கால வண்டலைச் சுமந்து களைத்தது ஐப்பசியில் வெளியேறுகிறது. புதியதைப் பொருத்தியவுடன் முதல் பத்துப் பன்னிரண்டு லிட்டரைப் பிடித்துச் செடிக்கு ஊற்றிவிடுகிறோம். கரித்தூள் அதோடு போய்விடும். அன்றே ஒரு லிட்டர் நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்றும் குறித்துவைக்கிறோம். தொட்டியில் நீர் நிறைந்திருந்தும் அதைப்போல் ஒன்றரை மடங்கு நேரம் பிடித்தாலோ, வாடையோ நிறமோ மாறினாலோ, நாளுக்குக் காத்திராமல் மாற்றிவிட வேண்டும். நீர் வேகமாகவும் சுவையாகவும் வருகிறது என்பதற்காக நாளைத் தள்ளிவைப்பதும் இல்லை.

பிற ஊர்களிலும் அயல்நாடுகளிலும் வாழும் அன்பர்களுக்கு ஒரு சொல். நகராட்சி சுத்திகரித்துத் தரும் நீர் பெட்டிக்கு வருமாயின், உறையில் உள்ள மாதமும் லிட்டரும் பார்த்து மாற்றினால் பெரும்பாலும் போதும். வடிகட்டி வாங்கும்போது அமெரிக்கத் தர நிலையின் எண்களைப் பாருங்கள். 42 என்பது சுவை, வாடை, குளோரின் ஆகியவற்றைக் குறிக்கும்; 53 என்பது ஈயம் போன்ற, உடலுக்குத் தீங்கு செய்யும் பொருள்களைக் குறிக்கும். எந்தப் பொருளை நீக்கும் என்று பட்டியலில் இருக்கிறதோ அதை மட்டும் நம்புங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் உள்ளவர்களுக்குக் கரி பயன்படாது; எங்களைப்போல் மென்னீர் உள்ளவர்களுக்கு உப்பு நீக்கும் இயந்திரம் வேண்டியதில்லை. கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைந்த இடங்களில் அவ்வியந்திரத்தைத் தவிர்க்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் கூறியது. முதலில் நீரைச் சோதியுங்கள். பிறகு கருவியை வாங்குங்கள். நாங்கள் தலைகீழாகச் செய்தோம்.

குழந்தை ஆறு வாரத்தில் தேறிப் பள்ளி சென்றாள். அவளுக்கு நான் செய்த தீங்கைப் பற்றி வீட்டில் எவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாக இருந்தது. நான் புறப்படும் நாளில் அம்மாவிடம் மட்டும், “நான் படித்துப் பார்த்திருக்க வேண்டும், அம்மா” என்றேன். “கடையிலிருந்து வந்த தாளை நீ படிக்கவில்லை. வாடை வருகிறது என்று நான் சொன்னதையும் கேட்கவில்லையே, அப்பா” என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

புலம்பெயர்ந்த வீடுகளில் ஒருவன் நாலெழுத்துப் படித்துவிட்டால், வங்கித் தாள், மருந்துச் சீட்டு, இயந்திரக் கையேடு எல்லாம் அவன் கைக்கே வருகின்றன. மற்றவர்கள் அவன் சொல்லை நம்பிப் பழைய வழக்கங்களைக் கைவிடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு உரியவனாக நடப்பது, தேர்வில் வெற்றி பெறுவதைக் காட்டிலும் கடினம். இவ்விதழைப் படித்து முடித்ததும், உங்கள் வீட்டு வடிகட்டி எந்த நாளில் பொருத்தப்பட்டது என்று ஒருமுறை பாருங்கள். தெரியவில்லை என்றால், மாற்ற வேண்டிய நாள் வந்துவிட்டது என்றே கொள்ளுங்கள்.

எங்கள் பெட்டியின் பக்கவாட்டில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. இரயில் பெட்டியில் உள்ளதுபோலவே, பொருத்திய நாளும் மாற்ற வேண்டிய நாளும் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. எழுதியவள் என் மருமகள். கீழே அவளாகவே ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: “மாமா, பொத்தானை அழுத்தாதே.”